கேமரன் மலையில் ஒரு நிலைவாசல்

வெளிநாடு போய் வெறுங்கையோடு திரும்பியவன் என்று எங்கள் தெருவில் எனக்கொரு பெயர் உண்டு. மலேசியா போனால் டேப் ரிக்கார்டர், கைலி, தைல பாட்டில் என்று பெட்டி பிதுங்க வந்து இறங்க வேண்டும், அதுதான் முறை. நான் போகும்போது ஒரு சாக்கில் இரும்பைக் கட்டிக்கொண்டு போனேன். வரும்போது அதையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் விடுவதில்லை. "அங்கே என்னதான் சார் பார்த்தீங்க?" என்பார். "நல்ல குளிர்" என்று சொல்லி நழுவிவிடுவேன். பார்த்ததைச் சொல்ல ஆரம்பித்தால் அவருக்கு ஆபீஸுக்கு நேரமாகிவிடும்.

அந்த இரும்பு, மண்கல் அமுக்குகிற கைமெஷின். செங்கல்பட்டுப் பக்கம் அந்த மெஷினை வைத்துக்கொண்டுதான் நான் வீடு கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சூளை வேண்டாம், சூளைக்கு மரம் வெட்ட வேண்டாம். அஸ்திவாரத்துக்குத் தோண்டுகிற மண்ணிலேயே கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து, பெட்டியில் போட்டு, கம்பியைப் பிடித்து ஒரு இழு இழுத்தால் கல். மழைத் தண்ணீர் தொட்டிக்குப் போகும், குளித்த தண்ணீர் வாழைக்குப் போகும். எண்பதுகளில் இதையெல்லாம் எங்கள் ஊரில் யார் கேட்டார்கள்? வசதியுள்ளவன் ஆசைக்கு ஒன்று கட்டிப் பார்த்தான். வசதியில்லாதவன், "மண்வீட்டிலிருந்து வெளியே வரத்தானே ஐயா இத்தனை பாடுபடுறோம்" என்று என்னைத் துரத்தினான். மனசார வேண்டும் என்று கேட்ட ஒரே மனிதர் கடல் தாண்டி இருந்தார். அவர் என் அத்தான்.

என் அக்கா பாக்கியம் கல்யாணமாகிப் போனது கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு. அத்தான் சின்னையா தோட்டத்திலேயே பிறந்து, தோட்டத்திலேயே வேலை பார்த்து, அந்த வருஷம் ஓய்வு பெற்றார். லயன் என்று சொல்கிற வரிசை வீடு வேலை பார்க்கிறவர்களுக்கு மட்டும்தான்; வேலை முடிந்தால் வீட்டையும் கொடுத்துவிட வேண்டும். மேனேஜர் பெரிய மனசு பண்ணித் தீபாவளி வரைக்கும் இருக்கச் சொல்லியிருந்தார். இதற்கு நடுவில் அக்காவுக்கு மூச்சிழுப்பு. மலை மேலே டவுனான தானா ராத்தாவின் ஆஸ்பத்திரியில், ஈரமில்லாத, கதகதப்பான வீட்டில் இருந்தால்தான் குறையும் என்று சொல்லிவிட்டார்கள். மருந்துச் சீட்டில் வீடு எழுதிக் கொடுத்தால் எந்தக் கடையில் போய் வாங்குவது? ஆகவே தீபாவளிக்குள் ஒரு வீடு, அக்காவுக்கு மூச்சு விட. அதற்குத்தான் நான் போனேன்.

அடிவாரத்துத் தாப்பாவில் மலை பஸ் ஏறும்போதே வம்பு ஆரம்பித்தது. மலாய்க்கார கண்டக்டர் என் சாக்கைத் தூக்கிப் பார்த்தார், கீழே வைத்தார், இடுப்பைத் தடவிக்கொண்டு ஏதோ சொன்னார். பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் காய்கறிக் கூடையோடு உட்கார்ந்திருந்த தமிழ் அம்மாள் அர்த்தம் சொன்னார். "பஸ்ஸுல மெஷினு போவட்டும், நீங்க நடந்து வாங்கன்னு சொல்றான்லா."

அதற்கப்புறம் வளைவு, வளைவு, வளைவுதான். காலையில் தின்ற ரொட்டி எந்த வளைவில் போனது என்று நினைவில்லை. பாதி மலையில் பஸ் நின்றுவிட்டது. எதிரே ரோட்டைக் காணோம். சிவப்பு மண் மேலிருந்து சரிந்து வந்து குறுக்கே படுத்திருந்தது, அதற்குள் மரங்கள் வேரோடு. எங்கள் ஊராக இருந்தால் அந்நேரம் ஒரு தலைவர் முளைத்து டிரைவரை நாலு கேள்வி கேட்டிருப்பார். இங்கே ஒருவரும் அலட்டிக்கொள்ளவில்லை. "மலை இறங்கியிருக்கு" என்று தகவலாகச் சொல்லிவிட்டு அவரவர் பொட்டலத்தைப் பிரித்தார்கள். ஒரு மலாய் அம்மாள் என்னைப் பார்த்து இரக்கப்பட்டு வாழையிலைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, பொரித்த நெத்திலி, மிளகாய்ச் சம்பல். மிளகாயில் யாராவது சர்க்கரை போடுவார்களா என்று முணுமுணுத்துக்கொண்டே கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றேன்.

தின்று முடிக்கும்போது மேலிருந்து மஞ்சள் புல்டோசர் ஒன்று உறுமிக்கொண்டு வந்தது. ஓட்டினவனுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். பள்ளத்தின் விளிம்பு வரை போகிறான், மண்ணைத் தள்ளுகிறான், கயிற்றில் கட்டி இழுத்த மாதிரி பின்னால் வருகிறான். வழி திறந்ததும் இறங்கி நேரே எங்கள் பஸ்ஸுக்கு வந்து எட்டிப் பார்த்தான்.

"செங்கல்பட்டு மாமா யாரு?"

கைக்குழந்தையாக இருக்கும்போது போட்டோவில் பார்த்தவன். அக்கா மகன் சந்திரன். "ரோடு மூடிக்கிச்சுன்னு எங்க தவுக்கேக்கு போன் வந்துச்சு மாமா. என்னைய அனுப்பிட்டாரு. உங்களுக்கு வழி விட நானே வந்துட்டேன் பாருங்க" என்றான். தவுக்கே என்றால் சீன முதலாளி. பஸ்ஸில் எல்லோரும் என்னை மாப்பிள்ளை மாதிரி பார்த்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. ஏதாவது பேச வேண்டுமே என்று, "இவ்வளவு மண்ணையும் எங்கேடா தள்ளினே?" என்று கேட்டேன்.

"கீழதான் மாமா. மண்ணு கீழதானே போவும்" என்று சிரித்தான்.

அக்கா வாசலில் ஆரத்தியோடு நின்றாள். சாக்கைப் பிரித்துக் காட்டினேன். வீடு கட்டுகிற அக்காவுக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டுபோக வேண்டும் அல்லவா? "மத்தவங்க தம்பியெல்லாம் குத்துவிளக்கு கொண்டாருவாங்க. என் தம்பி இரும்பு கொண்டாந்திருக்கான்" என்று லயன் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு முடியும் முன்னே இழுப்பு வந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தச் சுவரில் தண்ணீர் முத்து முத்தாக நின்றது. பக்கத்து வீட்டு ரோசலின் வெந்நீரோடு ஓடி வந்தார். அந்தக் கீச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நான் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றேன்.

மறுநாள் காலையில் அத்தான் நிலத்தைக் காட்டக் கூட்டிப்போனார். ஸ்வெட்டருக்குள் ஸ்வெட்டர் போட்டும் எனக்குப் பல் தந்தியடித்தது. அவர் ஒரு பழைய சட்டையோடு நடந்தார். தேயிலைச் சரிவில் குறுக்குக் குறுக்காக வாய்க்கால் வெட்டியிருந்தது. கான் என்கிறார்கள். மழைத் தண்ணீர் ஓடாமல் நிற்க, மண் தங்க. அத்தானுக்கு ஆயுசு முழுக்கக் கான் வேலைதான். ஒவ்வொரு கானிலும் நின்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தார். கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "ரிட்டேரு ஆனாலும் தாத்தா கணக்குப் பாக்காம போவ மாட்டாரு" என்று கேலி செய்தாள்.

"மழை விட்டதும் கான்ல படிஞ்ச மண்ணை அள்ளணும் மாப்ள. கூடைல போட்டு மேல கொண்டுபோயி செடிக்குக் கால்ல போடணும். கீழ வந்ததை மேல போடணும். அவ்வளவுதான் நம்ம வேலை" என்றார். அத்தான் ஒரே மூச்சில் அவ்வளவு பேசி அப்போதுதான் கேட்டேன்.

நிலம் ரிங்லெட் என்கிற சின்ன ஊருக்கு மேலே, லோரி போகாத ஒரு பள்ளத்தாக்கின் தலையில். வருஷா வருஷம் லைசென்ஸ் புதுப்பிக்கிற துண்டு நிலம். சிமெண்ட் வேண்டாம் என்று அத்தான் சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம். மூட்டையை யார் சுமப்பது? இன்னொரு காரணத்தைத் தயங்கித்தான் சொன்னார். "மலைக்கு ரொம்பத் தொந்தரவு குடுத்துட்டோம். நம்ம வீடாச்சும் சும்மா உக்காந்துட்டுப் போவட்டும்." நிலத்துக்கு மேலே ஒரு கொத்துக் காட்டு மரங்கள், அதன் அடியில் ஊற்று. குனிந்து குடித்தேன். பல் கூசியது. அதற்கும் மேலே, மேட்டுக்கு அந்தப் பக்கம், ஒரு எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. யாரோ காய்கறித் தோட்டத்துக்குக் காடு சுத்தம் பண்ணுகிறார்கள். அத்தான் காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது.

"அது நம்ம சந்திரன். சத்தத்துலயே தெரியும்" என்றார்.

மண்ணைத் தோண்டி, பாட்டிலில் போட்டுக் குலுக்கி, படிய விட்டுப் பார்த்தேன். மேலே ஒரு முழம் கறுப்பு மண். வேரும் சருகும் மக்கினது. அது கல்லுக்கு ஆகாது, அமுக்கினால் பொடிந்துவிடும். அதன் கீழே அருமையான சிவப்பு மண். கறுப்பு மண்ணை ஓரமாகக் குவித்து வைக்கச் சொன்னேன், அக்காவின் கீரைப் பாத்திக்கு. பிறகு குச்சியால் தரையில் வீட்டைக் கோடு போட்டோம். எங்கள் ஊரில் நான் வெயிலுக்கு ஒளிந்துகொள்ளத்தான் வீடு கட்டுவேன்; இங்கே வெயிலைத் துரத்திப் பிடிக்க வேண்டியிருந்தது. காலை வெயில் விழுகிற பக்கம் பெரிய ஜன்னல். அடுப்பு வீட்டின் நடுவில், புகைக்குழாய் படுக்கையறைச் சுவருக்குள்ளேயே ஏறிப் போகும். சோறு வெந்தால் சுவரும் சூடாகும். விறகுக்குத் தேயிலை கவ்வாத்து வெட்டிய குச்சிகள் இருக்கவே இருந்தன. குடிக்க ஊற்றுத் தண்ணீர், குழாயில் தானாக இறங்கும். அக்கா அந்தக் கோட்டுக்குள் நடந்து பார்த்தாள். கதவு இல்லாத இடத்தில் கதவைத் திறந்து பார்த்தாள். "இந்தச் செவத்தோரம்தான் படுப்பேன்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை லயன் ஆட்கள் திரண்டு வந்துவிட்டார்கள். கோத்தோங் ரோயோங் என்று மலாயில் ஒரு சொல். ஊர் கூடிக் கை கொடுப்பது. கூலி என்று வாயெடுத்தால் கோபித்துக்கொள்கிறார்கள். கொழுந்துக் கூடையில் பெண்கள் மண் சுமந்தார்கள். மெஷின் கம்பியை இழுக்கத் தோட்டத்துக் கங்காணி முதற்கொண்டு ஆண்கள் அடித்துக்கொண்டார்கள். மாதா கோயிலில் பூசை முடிந்து நல்ல சேலையோடு வந்த ரோசலின், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஒரே இழுப்பில் கல்லை எடுத்தார். "மாதாவே, இது மாவு பெசையறத விட லேசு" என்றார். மத்தியானம் ரொட்டியும் மீன் சம்பலும், வாளி நிறைய இனிப்புத் தேநீரும். தேயிலை விளைகிற மலையில் தேநீர் அமிர்தமாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனேன். தூளில் மட்டமான ரகம்தான் தோட்டத்து ஆட்களுக்குக் கிடைக்கிறது.

மழையைச் சொல்லவில்லையே. அங்கே மழை வருகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை, வந்துவிட்டதா என்றுதான் கேட்பார்கள். மத்தியானம் திரும்பியதும் ஆரம்பித்துவிடும். செங்கல்பட்டு வெயிலைத் திட்டாத நாள் கிடையாது நான். அதில் ஒரு பிடி கிடைக்காதா என்று தவித்தேன். காயாத கற்கள் கரைந்தன. பந்தல் போட்டு, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, பக்கத்தில் கணப்பு மூட்டி, பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்த்தோம். இருந்தும் சுவர் ஜன்னல் மட்டத்துக்கு ஏறிவிட்டது. தீபாவளிக்குள் முடித்துவிடலாம் என்று அக்காவிடம் வாய்விட்டுச் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

அன்று சாயங்காலம் சந்திரன் வேலையிலிருந்து வந்து, கை கழுவாமல், சோற்றுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"அப்பா, மேட்டுக்கு இந்தப் பக்கமும் வெட்டச் சொல்லிட்டாரு தவுக்கே."

"ஊத்துக்கு மேலயா?"

"ஊத்து மரம் வரைக்கும்."

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டே, "முடியாதுன்னு சொல்லு" என்றார்.

"சொன்னேம்ப்பா. கீழ எங்க வீடு வருது தவுக்கேன்னும் சொன்னேன். அப்ப சாவியக் குடு, வேற ஆளு ஓட்டுவான்னாரு. வேற ஆளு எந்தப் பக்கம் தள்ளுவான்னு எனக்குத் தெரியாது. நான் ஓட்டுனா மண்ணை அந்தப் பக்கமாத் தள்ளுவேன்."

அக்கா குழம்புக் கரண்டியோடு நின்றுவிட்டாள். அத்தான் சாப்பிட்டு முடித்து, தட்டிலேயே கை கழுவினார். "அப்ப நீயே ஓட்டு" என்றார்.

எனக்கு ஆறவில்லை. மறுநாள் அத்தானை இழுத்துக்கொண்டு தானா ராத்தாவில் நில விவகாரம் பார்க்கிற ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசையில் இருந்தவர் மரியாதையானவர். நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நில வரைபடத்தை விரித்துப் பார்த்துவிட்டு மலாயில் நிதானமாகப் பேசினார். வெளியே வந்ததும் அத்தான் சொன்னார்: "மேல உள்ளவங்ககிட்டயும் லைசென்ஸ் இருக்கு, உங்ககிட்டயும் இருக்கு. யாரும் தப்பா ஒண்ணும் செய்யலியேங்கிறாரு. நியாயம்தானே மாப்ள."

நியாயம்தான். எனக்கு வந்த கோபத்துக்கு எதிரே ரொட்டி சானாய்க் கடையில் இரண்டு ரொட்டி தின்றேன். பக்கத்து மேசையில் இரண்டு தமிழ் வியாபாரிகள் சிங்கப்பூருக்குப் போகிற முட்டைக்கோஸ் லோரிகளைப் பற்றி உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நல்ல காலம் வந்திருக்கிறதாம். பாதி ரொட்டியிலேயே எனக்கு ருசி போய்விட்டது.

அன்றிலிருந்து அத்தான் வீட்டு வேலையை என்னிடம் விட்டுவிட்டு, ஊற்றுக்குக் கீழே ஒரு கான் வெட்ட ஆரம்பித்தார். மார்பளவு ஆழம், நிலத்தின் அகலத்துக்கும். மேலே மகனுடைய மெஷின் மரத்தைச் சாய்க்கிற சத்தம். கீழே தகப்பனுடைய மண்வெட்டிச் சத்தம். சந்திரன் வேலை முடிந்து இறங்கி வந்து, அதே கானில் குதித்து அப்பாவோடு சேர்ந்து வெட்டுவான். இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டார்கள். நான் நடுவில் கல்லை அடுக்கிக்கொண்டு யாரைத் திட்டுவது என்று தெரியாமல் சுண்ணாம்பைத் திட்டினேன்.

நிலை வைக்க நாள் பார்த்தாயிற்று. ஃபேக்டரியில் கழித்துப் போட்ட இலை உலர்த்தும் தட்டுகளின் மரத்தில் அத்தானே நிலைச் சட்டம் இழைத்திருந்தார். மாவிலைக்கு அந்த மலையில் எங்கே போவது? தாப்பாவிலிருந்து பஸ் கண்டக்டர் ஒரு கிளையையே ஒடித்துக் கொண்டுவந்து கொடுத்தார். என் மெஷினைத் தூக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்ட அதே மனிதர்தான். கருங்கல் படியில் நவதானியம் போட்டு, மஞ்சள் குங்குமம் வைத்து, தாய்வீட்டுப் பங்காக நான் பால் ஊற்றி, சட்டத்தை நிறுத்தினோம். ரோசலின் பலகாரத் தட்டோடு பக்கவாட்டுச் சுவரில் விட்டிருந்த இடைவெளி வழியாக உள்ளே வந்தார். அக்கா விடவில்லை. "நெல வச்சாச்சுல்ல? இனிமே சுத்தி வரக்கூடாது. வாசல் வழியா, வலது கால் வச்சு வா" என்று திருப்பி அனுப்பினாள். கூரை இல்லை, கதவு இல்லை, ஆனால் எல்லோரும் வரிசையாக நின்று குனிந்து வலது கால் வைத்து உள்ளே வந்தோம். அக்கா அடுப்பு வரப்போகிற இடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள். அன்று முழுக்க அவளுக்கு இழுப்பு வரவில்லை. அது அன்று அடித்த வெயிலால் என்று எனக்குத் தெரியும். வீட்டால் என்று அவள் நம்பினாள்.

அன்றைக்குச் சாயங்காலம் பிடித்த மழை விடவில்லை. மறுநாளும் பெய்தது, அதற்கு மறுநாளும் பெய்தது. ஊற்றுக் குழாயில் தண்ணீர் மிளகாய்ப்பொடி கரைத்தது போல் வந்தது. பிறகு கூழாக வந்தது. பிறகு வரவில்லை.

அத்தான் கூடையையும் மண்வெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பினார். கான் நிறைந்திருக்கும், அள்ளிவிட வேண்டும் என்றார். போகாதீர்கள் என்று அக்கா அழுதாள். நான் பின்னாலேயே ஓடினேன். கான் விளிம்புவரை நிறைந்து வழிந்துகொண்டிருந்தது. அவர் அதற்குள் இறங்கி அள்ளி அள்ளி மேல் கரையில் போட்டார். போட்டது அப்படியே அவர் காலுக்குத் திரும்பி வந்தது. மேலே மரங்கள் இருந்த இடத்தில் வெறும் வானம் தெரிந்தது. அங்கிருந்து சந்திரன் சறுக்கிக்கொண்டே ஓடி வந்தான்.

"அப்பா, வெளிய வாங்க. வெளிய வாங்கப்பா."

வர மாட்டேன் என்றவரை நாங்கள் இருவரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கி ஓரமாக இழுத்துப் போனோம். மலை சரிவது என்றால் இடி மாதிரி விழும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. நடந்து வந்தது. அவசரமே இல்லாமல் வந்து, கானை மூடி, அடுக்கி வைத்த கற்களைச் சாய்த்து, ஜன்னல் மட்டம்வரை ஏறியிருந்த சுவரை ஒவ்வொன்றாகப் படுக்க வைத்து, பள்ளத்துக்கு இறங்கிப் போனது. ரோசலின் இழுத்த கல், கங்காணி இழுத்த கல், எல்லாம் ஒரே சேறு. கருங்கல் படியில் ஊன்றியிருந்ததால் நிலைச் சட்டம் மட்டும் நின்றது, மாவிலைத் தோரணத்தோடு.

சந்திரன் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான். "அந்தப் பக்கம்தான் தள்ளுனேன் மாமா. சத்தியமா அந்தப் பக்கம்தான் தள்ளுனேன்" என்றான். எனக்குத் தெரியும், அவன் பொய் சொல்லவில்லை. பஸ் நின்ற அன்றைக்கு அவன் சிரித்துக்கொண்டே சொன்ன பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? நானும்தான் மேலே பார்க்காமல் கீழே கோடு போட்டேன். அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். அவனோடு சேர்ந்து அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

தீபாவளிக்கு முன்னால் லயன் வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். ரிங்லெட்டில் ஒரு மோட்டார் ஒர்க் ஷாப்புக்குப் பின்னால் ஓர் அறை கிடைத்தது. சுற்றிலும் சிமெண்ட், ஒரே ஒரு ஜன்னல், அதைத் திறந்தால் எதிர்ச் சுவர். நாள் முழுக்கப் பெட்ரோல் புகை. அக்கா சுவரைத் தடவிக் காட்டினாள். "ஈரமே இல்ல பாரு தம்பி" என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. என்னைத் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று தெரிந்து நான் வெளியே வந்து ஒர்க் ஷாப்பில் தொங்கிய டயர்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பண்டிகைக்கு முறுக்கு சுட்டாள். நான் தின்றேன். எப்படி இருந்தது என்று நினைவில்லை.

கிளம்புகிற அன்று காலையில் சொல்லிக்கொள்ளப் பார்த்தால் அத்தானைக் காணோம். "வேறெங்க, அங்கதான். கூடையக் காணோமே" என்றாள் அக்கா. பஸ்ஸுக்கு நேரம் இருந்ததால் ஏறிப் போனேன்.

இறங்கிக் கிடந்த மண்ணை அவர் மண்வெட்டியால் அள்ளிக் கொழுந்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார். கறுப்பு மண், வேரும் இலையும் கலந்தது. கல் அறுக்கப் போகிறாரோ என்று பயந்து, "அத்தான், இது கல்லுக்கு ஆகாது" என்றேன்.

"தெரியும் மாப்ள. மேல் மண்ணு. நீங்கதான சொன்னீங்க" என்றார். கூடைக் கயிற்றை நெற்றியில் மாட்டிக்கொண்டு எழுந்தார். மேட்டை நோக்கி ஏற ஆரம்பித்தார்.

பாரத்தோடு போகிற அவருக்குப் பின்னால் வெறுங்கையோடு ஏறிய எனக்கு நாக்குத் தள்ளியது. மேலே போனால் கம்பி வேலி. வேலிக்குள் படிப் படியாக வெட்டின மலை, வரிசை பிசகாமல் முட்டைக்கோஸ் நாற்று. மருந்தடித்துக்கொண்டிருந்த ஒருவன் எங்களைப் பார்த்து வேலியோரம் வந்தான். கூடையைப் பார்த்தான், ஏதோ கேட்டான். அத்தான் கையைக் காட்டிக் காட்டிப் பதில் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு, பணிவாகவே மறுபடி ஏதோ சொன்னான்.

"என்ன சொல்றான்?" என்றேன்.

"இங்க கொட்டிடாதீங்க பெரியவரே, நாத்து கெட்டுடும்ங்கிறான். சரிதானே. நட்டுட்டான்ல."

"அப்ப இப்படி ஓரமாக் கொட்டிட்டு வாங்க அத்தான்."

"ஓரத்துல கொட்டுனா கீழதான் போவும்" என்றார்.

கொஞ்ச நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு கூடை நிறைய மண்ணோடு அப்படியே இறங்க ஆரம்பித்தார். கூடையைக் கொடுங்கள் என்று நான் கேட்டேன், அவர் கொடுக்கவில்லை. நிலத்துக்கு வந்ததும் எந்தப் பக்கமாக வேண்டுமானாலும் போயிருக்கலாம். சுவர் என்று எதுவும் அங்கே இல்லை. அவர் நிலைச் சட்டத்துக்கு முன்னால் வந்து நின்றார். கூடை மேல் சட்டத்தில் இடிக்காமல் குனிந்து, வலது காலை எடுத்து உள்ளே வைத்தார். அக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில் கூடையை இறக்கினார். நான் வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டேன்.

அடுத்த மேட்டிலிருந்து எஞ்சின் சத்தம் கேட்டது. அத்தான் காதைச் சாய்த்துக் கேட்டார்.

"நம்ம சந்திரன்தான்" என்றார்.